சத்தம் சரியில்லை

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. இதை நான் யாரிடமும் ஒளித்ததில்லை. நகரத்துக்கு அடியில் ஓடுகிற சுரங்க ரயில் பாதைதான் அவள். என் கணவர் அந்தப் பாதையில் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளோடு குடித்தனம். காலை ஷிஃப்ட் என்றால் நான் கண் விழிக்கும்முன் போய்விடுவார், மாலை ஷிஃப்ட் என்றால் நான் தூங்கிய பிறகு வருவார். வீட்டுக்கு வந்தாலும் சட்டையில் பிரேக் தூள் வாசனை, காதில் அவள் இரைச்சல். நான் பேசுவதில் பாதிதான் காதில் விழும். மீதிப் பாதிக்குப் பொதுவாக ஒரு தலையாட்டல்.

போன வருடம் கண் பரிசோதனையில் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, நடுவில் மட்டும்தான் கொஞ்சம் மிச்சம், மருந்து போட்டுத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது என்றார் டாக்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவர் நிதானமாக, "அப்ப நாளைக்கு என் வண்டிய யார் எடுப்பாங்க?" என்று கேட்டார். கண் டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? பாவம், அவரும் திருதிருவென்று விழித்தார்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குள் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. சக்களத்தி ஒழிந்தாள், இனிமேலாவது மனுஷன் எனக்கு முழுசாகக் கிடைப்பார். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம், சாயங்காலம் நடக்கப் போகலாம், நான் பேசுவதை முழுசாகக் கேட்க ஆள் கிடைக்கும். என் கணக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கல்யாணமாகிப் போன மகளின் அறை காலியாகக் கிடந்தது. ஒருநாள் அவளுடைய கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அறையை அடைக்கிற அளவுக்கு ஒரு பலகை மேசை போட்டார். மேல் தளத்தில் அட்டையில் செய்த தெரு, கடைகள், விளக்குக் கம்பங்கள். கீழ்த் தளத்தில் சுரங்கம். முன்பக்கம் ஒரே ஒரு ஸ்டேஷன் மட்டும் திறந்திருக்கும். வண்டி அங்கே நின்று, கிளம்பி, ஓர் ஓட்டைக்குள் நுழைந்து, யார் கண்ணுக்கும் படாமல் மேசை முழுக்கச் சுற்றி, மறு ஓட்டை வழியாகத் திரும்பவும் அதே ஸ்டேஷனுக்கு வரும். சுரங்கத்துக்கு உள்ளே, யாரும் பார்க்கப் போகாத சுவரில்கூட, கறுப்பு வண்ணம் அடித்து, கேபிள் மாதிரி நூல் ஒட்டினார். பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு செய்த வேலை.

"உள்ள போற வண்டி தெரியவே தெரியாதே. இதுக்கு எதுக்குங்க வண்டி? ஸ்டேஷன மட்டும் செஞ்சு வெச்சுட்டு, இப்ப வரும் இப்ப வரும்னு உக்காந்திருக்கலாமே. நெஜத்துலயும் பாதி நேரம் அப்படித்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாக்கறதுக்கா கட்டறேன்? கண்ணு முழுசா போறதுக்குள்ள இது ஓடணும்மா. ஓடிருச்சுன்னா அப்புறம் காதால ஓட்டிக்குவேன்" என்றார்.

கேலியை அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் உள்ளே குத்தியது. கண் போவதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்த மனிதருக்குத் தோன்றியது சுரங்கத்தைத்தான். என் முகத்தை இல்லை.

எல்லாம் தயாரானது. தண்டவாளம் மட்டும் பாக்கி. அதை வாங்க என் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மூவருமாகக் கடைக்குப் போனோம். அண்ணன் அதே சுரங்கப் பாதையில் தண்டவாளப் பராமரிப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன். கையில் சுத்தியோடு பாதை நெடுக நடந்து, தட்டித் தட்டிச் சோதித்தே ஆயுளைக் கழித்தவன். சத்தமே இல்லாத தண்டவாளம்தான் அவனுடைய வாழ்க்கை லட்சியம். பழைய பாதையில் இருந்த ஜாயின்ட்டுகளை, அதாவது ஒரு தண்டவாளமும் அடுத்ததும் சேரும் இடங்களை, ஒவ்வொன்றாக வெல்டிங் வைத்து ஒட்டி, மொத்தப் பாதையையும் ஒரே துண்டாக்கினவன். அவன் எதிரில் 'தடக்' என்று ஒரு சத்தம் கேட்டுவிடக் கூடாது. வீட்டுக் கதவு கிரீச்சிட்டால்கூட எண்ணெய்க் குப்பியோடு எழுந்துவிடுவான்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நுழைந்தால் திரும்ப இடமில்லை. சுவர் முழுக்க இழுப்பறைகள், கல்லாவுக்குப் பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு சோதனைப் பாதை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த கடைக்காரம்மா, "எந்த மாதிரி லேஅவுட் சார்?" என்று கேட்டார்.

"சுரங்கம்" என்றார் இவர்.

"எவ்வளவு தூரம் உள்ள போகும்?"

"முழுக்க உள்ளதான்."

கடைக்காரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இவரை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு வகைத் தண்டவாளங்களை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். முதலாவது, பிளாஸ்டிக் அடிப்பலகையோடு சேர்ந்தே வருகிற சின்னச் சின்னத் துண்டுகள். ஒன்றோடொன்று கொக்கி மாதிரிப் பூட்டிக்கொள்ளும். குழந்தைகூட மாட்டிவிடலாம். இரண்டாவது, கை நீளத்துக்கு ஒரே கம்பி. வேண்டியபடி வளைத்து, பலகையில் ஆணி அடித்துக்கொள்ள வேண்டும்.

"வெளியில எதை வேணாலும் போடுங்க சார். சுரங்கத்துக்குள்ள நீளக் கம்பிதான். உள்ள கை போகாது. ஜாயின்ட்டு இருக்கற எடத்துலதான் வண்டி தடம் புரளும், கரண்டும் அங்கதான் போகும். யாரும் பாக்க மாட்டாங்கன்னு பழைய சரக்க உள்ள போட்டுட்டு, அப்புறம் என்கிட்ட வந்து அழறவங்க நெறைய பேரு. பித்தளையும் வேண்டாம், கறுத்துப்போகும், உள்ள தொடைக்க முடியாது. இந்த வெள்ளை உலோகம் எடுத்துக்கங்க."

அண்ணனுக்குக் கடைக்காரம்மாவைக் கும்பிடலாம் போல இருந்தது. "இவங்க எங்க டிபார்ட்மென்ட்ல இருக்க வேண்டியவங்க. நான் நாலு வார்த்தையில சொல்லத் தெரியாம நாப்பது மீட்டிங்ல சொன்னத சொல்லிட்டாங்க" என்றான்.

இவர் மட்டும் சோதனைப் பாதையில் ஓடிய வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணை மூடி, காதைப் பலகையில் வைத்தார். கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கட்டினவருடைய கிறுக்குத்தனத்துக்குக் கடைத்தெருவில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

"சரி, நீளமே குடுங்க" என்றார் இவர் கடைசியில். குரலில் ஒரு சுரத்தும் இல்லை.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். மேல் தளத்துத் தெருவைத் தூக்கி வைத்துவிட்டு, சத்தம் அடங்கக் கீழ்ப் பலகைமேல் கார்க் விரித்தான், அதன்மேல் ரப்பர், அதற்கு மேல் தண்டவாளம். வேறு வழியில்லாமல் சேர்க்க வேண்டிய இடத்தில் ஈயம் ஊற்றி, அரம் போட்டு ராவி, விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தான். அவன் மகளுக்கு ஜடை பின்னும்போதுகூட அவ்வளவு பொறுமை இருந்ததில்லை. சாயங்காலம் வண்டியை ஏற்றினோம். இவர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பெட்டியின் குமிழைத் திருப்பினார். வண்டி ஸ்டேஷனை விட்டு ஓட்டைக்குள் போனது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அறை அப்படியே இருந்தது. கொஞ்சம் கழித்து மறு ஓட்டையிலிருந்து வண்டி பூனை மாதிரி வந்து நின்றது.

"எப்படி மாப்ள?" என்றான் அண்ணன், முகமெல்லாம் பல்லாக.

"சத்தம் சரியில்ல."

"சத்தமே இல்லியே!"

"அதான்."

அண்ணனுடைய பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது. "சத்தம் இல்லாம இருக்கத்தானய்யா காலைலேருந்து முதுகொடிய வேல பாத்தேன்?"

"வண்டி எங்க இருக்குன்னே தெரியல மச்சான். உள்ள போனதும் இல்லாமலே போயிருது." இவர் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு எனக்குக் கண்ணு இருக்காது. அப்ப அது எங்க வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த வாரம் கடைக்குப் போய், துண்டுத் தண்டவாளம் வாங்கிவந்தோம். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்த கடைக்காரம்மா, இவர் கல்லா விளிம்பைத் தடவித் தேடிப் பிடித்ததைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். "என் கையாலயே சுரங்கத்துக்குள்ள ஜாயின்ட் போடறேன். எவன்கிட்டயும் சொல்லிராதே" என்று முனகிக்கொண்டே அண்ணன் ஒவ்வொரு துண்டாகப் பூட்டினான்.

இந்த முறை வண்டி உள்ளே போனதும் தடக்தடக்தடக் என்று ஆரம்பித்துவிட்டது. முதல் சத்தத்துக்கு இவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கன்னம் ஒரு பக்கம் குழிந்து, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அதே முகம். ஆனால் சத்தம் நிற்கவில்லை. சுற்று முழுக்க அதே தடக்தடக். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் அணைந்துபோனது.

"இது சரக்கு வண்டி மாதிரி இருக்கு. எல்லா எடத்துலயும் அடிச்சா, எந்த எடம்னு எப்படித் தெரியும்?"

"எந்த எடம் தெரியணும் ஒனக்கு? சொல்லித் தொலையேன், செஞ்சு தரேன்."

இவர் வாயைத் திறந்தார். என் பக்கம் ஒருமுறை திரும்பினார். "ஒண்ணுமில்ல, விடு" என்று குமிழைத் திருப்பி வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதோடு அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஜன்னல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே பார்ப்பது போல இருக்கும், பார்க்கக் கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை. டீயைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றினார். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டினார். நான் எதிரில் போய் நின்றால், "யாரு?" என்று கேட்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் இங்கதாங்க இருக்கேன்" என்றேன்.

"தெரியுதும்மா."

"என்ன தெரியுது? ஒங்க நெனப்பெல்லாம் கீழதான் இருக்கு. நான் ஒருத்தி இருக்கறது தெரிஞ்சா இப்படியா உக்காந்திருப்பீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, விரலால் அதன் பல்லைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தச் சீப்பு ஒரு தனிக் கதை. தலையில் முடி போய்ப் பல வருடமாகிறது, சீப்பு மட்டும் பையை விட்டுப் போகவில்லை. அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள்ளிருந்து வருகிற மற்ற டிரைவர்கள் எல்லாம் பேயறைந்த மாதிரி இருப்பார்கள், காற்றில் தலை கலைந்து. இவர் மட்டும் அப்போதுதான் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் போல வகிடு எடுத்து வந்து நிற்பார். "இருட்டுக்குள்ள எப்படிங்க தல கலையாம வருது?" என்று கேட்டால், "அது தானா படியும்" என்பார். கடைசிவரை வேறு பதில் வந்ததில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அந்தப் பாதையில்தான் வேலை பார்த்தேன். பிளாட்ஃபாரம் டியூட்டி. ஏறுகிறவர்கள் ஏறி, இறங்குகிறவர்கள் இறங்கி, கதவில் முந்தானையோ பையோ மாட்டவில்லை என்று பார்த்து, பிடி வைத்த வெள்ளை வட்டைத் தூக்கி "ரைட்" என்று குரல் கொடுக்க வேண்டும். அது வராமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. அப்படித்தான் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அங்கேயே இருந்தேன். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் ஒத்துவராது. வீட்டில் பார்த்துக்கொண்டதைவிடப் பிளாட்ஃபாரத்தில் பார்த்துக்கொண்டதுதான் அதிகம். "வாடகை குடுத்தாச்சு", "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு", "சட்டை பட்டன் போடுங்க", எல்லாம் கதவு திறந்து மூடும் நேரத்துக்குள். சில நாள் கதவு மூடிய பிறகும் நான் வட்டைத் தூக்காமல் சும்மா நிற்பேன். அவர் எடுக்க முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. வண்டி தாமதம் என்று மேலேயிருந்து கேட்டால் கூட்டத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம்.

பிறகு பிளாட்ஃபாரத்தில் கேமரா வந்தது. கதவை டிரைவரே திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என்னை மேலே, தொலைந்த பொருள் ஆபீஸுக்கு மாற்றினார்கள். விருப்ப ஓய்வு வாங்கும்வரை ஊரார் மறந்துவிட்டுப் போன குடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கீழே ஓட்டிக்கொண்டிருந்தார். என் தலைக்குமேல் மின்விசிறி, காலுக்குக் கீழே எங்கேயோ அவர்.

துண்டுத் தண்டவாளத்தைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று அண்ணன் வந்திருந்தான். இவர் முன்னறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு, அதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சமையலறையில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். நான் டீ வடிகட்டினேன். அவன் வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினான்.

"ஒன் வீட்டுக்காரருக்கு என்னிக்குத்தான் திருப்தி இருந்துச்சு? ஓசை இல்லன்னாலும் குத்தம், இருந்தாலும் குத்தம். ஒரே ஒரு ஜாயின்ட்டுக்காக இதே மனுஷன் என் உயிர எடுத்தாரு. ஒன் ஸ்டேஷனுக்கு முன்னாடி, வளைவு முடியற எடத்துல ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

மறப்பதாவது! அந்த ஜாயின்ட் எனக்குக் கடிகாரம். டக்-டக் என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்கும். பிறகு முகத்தில் காற்று அடிக்கும், சுவரில் வெளிச்சம் விழும், அப்புறம்தான் வண்டி. எல்லா வண்டியும் அந்தச் சத்தத்தோடுதான் வந்தது, ஆனால் அவர் ஷிஃப்டில் மட்டும்தான் எனக்குக் காது கேட்டது. டக்-டக் கேட்டதும் டீக் குவளையைக் கீழே வைப்பேன், புடவையை இழுத்துச் சரிசெய்வேன், வட்டைக் கையில் எடுப்பேன். எடுத்து நிமிர்ந்தால் அவர் முகம் எதிரில்.

"சத்தம் இருந்துச்சு, அவ்ளோதான். ஆபத்தெல்லாம் இல்ல" என்று அண்ணன் தொடர்ந்தான். "வருஷக்கணக்கா அது மேலதான் ஓட்டினாரு, வாயத் தொறக்கல. திடீர்னு ஒருநாள் புகார். அந்த எடத்துல அடிக்குது, தாங்க முடியல, எடுங்கன்னு. வாரா வாரம் அதே பல்லவி. நான் போய்க் குனிஞ்சு படுத்து அளந்து பாத்தேன். முன்ன இருந்ததுக்கு மேல ஒரு நூல்கூட எறங்கல. அப்படியேதான் இருக்கு மாப்ளன்னேன். ஒனக்கு என்ன தெரியும், ஓட்டறவனுக்குத்தான் தெரியும்னு என்கிட்டயே எகிறினாரு. கடைசியில தொல்ல தாங்காம வெல்டிங் வெச்சு ஒட்டினேன்."

"எப்ப அண்ணா இது?"

"அதான், கேமரா போட்டானுங்களே அப்ப. கேபிள் இழுக்கறவனுங்க வேற குறுக்கயும் நெடுக்கயும் நின்னானுங்க, அதான் மறக்கல. ஒன்னைய மேல கொடை எண்ண அனுப்பினாங்கல்ல, அதுக்கு அடுத்த மாசம்."

வடிகட்டியிலிருந்து டீ என் கைமேல் வழிந்தது. சுட்டதாக ஞாபகமில்லை. நான் பிளாட்ஃபாரத்தில் இருந்தவரை அந்தச் சத்தம் அவருக்கு ஒரு தொல்லையாகவே இல்லை. நான் மேலே போன பிறகுதான் தாங்க முடியாமல் போயிருக்கிறது. டக்-டக் என்று கேட்கும். வண்டி வளைவை விட்டு வெளியே வரும். அங்கே நான் இருக்க மாட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் அது நடந்திருக்கிறது. மனுஷன் அதை என்னிடம் சொல்லவில்லை. தண்டவாளம் சரியில்லை என்று என் அண்ணனிடம் சண்டை போட்டிருக்கிறார்.

சர்க்கரை டப்பாவைத் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருடமாகச் சக்களத்தி, சக்களத்தி என்று யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்?

"அண்ணா, அந்த நீளத் தண்டவாளத்தையே திரும்பப் போடு" என்றேன்.

"அதுதான் வேண்டாம்னாரே!"

"போடு. கார்க்கெல்லாம் உன் இஷ்டம். எல்லா எடமும் சத்தமில்லாம இருக்கட்டும். ஸ்டேஷனுக்கு முன்னாடி ஒரே ஒரு எடத்துல மட்டும் அறுத்து விடு."

அண்ணன் குவளையைக் கீழே வைத்தான். "அறுக்கறதா? நல்லா இருக்கற தண்டவாளத்தையா? சுரங்கத்துக்குள்ளயா? கை போகாத எடத்துலயா?"

"கை போற மாதிரி மேல ஒரு மூடி வெச்சுக்கலாம். தெருவுல ஒரு கடைய மட்டும் ஒட்டாம விட்டா, அதத் தூக்கினா கை போகும்."

"ஒங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு, ரெண்டு பேருக்கும்" என்றான். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து மெல்லிய ரம்பத்தை எடுத்துவந்தான். துண்டுகளையெல்லாம் கழற்றி, கார்க்கும் ரப்பரும் நீளக் கம்பியும் பழையபடி போட்டு முடிக்கச் சாயங்காலமானது. இவர் என்ன சத்தம் என்று ஒருமுறை கேட்டார். கழற்றுகிறோம் என்றேன். பொய் இல்லை.

எங்கே அறுப்பது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சின்னப் போர். அவன் ஸ்கேலும் பென்சிலுமாக, நிஜப் பாதையின் அளவைச் சுருக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தான்.

"ஸ்கேல உள்ள வை. நீ வண்டிய மெதுவா கையால தள்ளு. நான் சொல்ற எடத்துல நிறுத்து."

பால் பாத்திர மூடியை வட்டுக்குப் பதிலாக மேசைமேல் வைத்துவிட்டு, காலி டீக் குவளையோடு பொம்மை ஸ்டேஷனுக்கு எதிரில் நின்றேன். அவன் தெருவில் ஒட்டாமல் விட்ட கடையைத் தூக்கி, உள்ளே கை விட்டுத் தள்ளினான். நான் குவளையைக் கீழே வைத்து, புடவையைச் சரிசெய்து, மூடியைக் கையில் எடுத்து நிமிர்ந்தேன். வண்டி முந்திவிட்டது. "இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்றேன். திரும்ப ஒருமுறை. இந்தத் தடவை நான் நிமிரவும், வண்டியின் முகம் ஓட்டையில் தெரியவும் சரியாக இருந்தது. "இங்க இல்ல, நான் குவளைய வெச்சப்ப அது எங்க இருந்துச்சோ, அங்க." அண்ணன் பென்சிலால் ஒரு கோடு போட்டான். இரண்டு தண்டவாளத்தையும் அந்த இடத்தில் அறுத்தான். அறுக்கும்போது பல் கூசுவது போல முகத்தைச் சுளித்தான். இணைப்புத் தகட்டைத் தளர்வாக மாட்டினான். பிறகு, என்ன தோன்றியதோ, அரத்தை எடுத்து ஒரு நுனியை இன்னும் இம்மி தேய்த்தான்.

"அந்த ஜாயின்ட்டு கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றான், என்னைப் பார்க்காமல்.

நான் போய் இவரை அழைத்தேன்.

"வேண்டாம்மா. அவன் பாவம், எடுத்துட்டுப் போகட்டும்."

"ஒரே ஒரு தடவ வாங்க. எனக்காக."

எழுந்து வந்தார். நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். அறையில் விளக்குப் போட்டிருந்தும் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் போகவில்லை. ஸ்டேஷன் பக்கமாக, அவருக்கு எதிரில் நின்றேன். குமிழைத் திருப்பினார். வண்டி கிளம்பி உள்ளே போனது. அறை அமைதியாகிவிட்டது. அவர் உதடு, 'சத்தம் சரியில்ல' என்று சொல்லப் பிரிந்தது.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து கேட்டது. டக்-டக்.

அவருடைய இடது கை தானாக மேலே போனது. சட்டைப் பையிலிருந்து சீப்பு வந்தது. இல்லாத முடியில், இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. சீப்பு பைக்குள் திரும்பிப் போனது. முதுகு நிமிர்ந்தது. வண்டி ஓட்டையிலிருந்து வெளியே வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில். தான் செய்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். தானாகப் படிந்த தலையின் ரகசியத்தை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

என் கையிலும் பால் பாத்திர மூடி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கும் தெரியாது.

வண்டி ஸ்டேஷனில் வந்து நின்றது. அவர் குமிழ்மேல் கையை வைத்தபடி காத்திருந்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னக் குழியில் நின்றது. துடைக்கவில்லை.

"என்ன மாப்ள, நிறுத்திட்ட? இன்னொரு சுத்து விடு" என்றான் அண்ணன்.

"இன்னும் சிக்னல் குடுக்கல" என்றார் இவர். முகம் சரியாக என் பக்கம் திரும்பியிருந்தது. நான் நிற்கிற இடத்துக்கு நேராக, ஓர் அங்குலம்கூடப் பிசகாமல்.

'ரைட்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தபடி நின்றேன். கொஞ்சம் நிற்கட்டும். வண்டி தாமதமானால் இனிமேல் மேலேயிருந்து கேட்க யாரும் இல்லை.